விற்கப்போகும் வீட்டின் வடக்குச் சுவர்

அரியலூர் வீட்டை விற்பது என்று முடிவானபோது, அதற்கான நடைமுறை முழுவதும் எனக்கு மனப்பாடம். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டுவரி ரசீது எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடுக்கி, நூலால் கட்டி, பக்க எண்ணும் போட்டுவிட்டேன். யாரும் கேட்காத தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து வைத்தேன். கனிமவள அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் வேறு எப்படி வீடு விற்பான்? பார்க்க வந்த எவரும் கோப்பைத் திறக்கவில்லை. தெருவில் நின்றபடியே சுவரைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

வடக்குப் பார்த்த வீடு அது. என் அப்பா கட்டியது. தெருவை நோக்கிய சுவரில், ஒரு காலத்தில் எல்லோரும் ஒட்டுகிறார்களே என்று நானும் பழுப்பு நிற டைல் ஒட்டினேன். இப்போது பாதி டைல்கள் உப்பிக்கொண்டு நின்றன. விரலால் தட்டினால் காலி டப்பா போலச் சத்தம் வரும். ஐப்பசி மழை நேராக அந்தச் சுவரில்தான் அடிக்கும். உள்ளே கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறும்.

அவசரம் வீட்டுக்கு அல்ல, என் மனைவிக்கு. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. திங்களும் வியாழனும் பெரம்பலூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்காருவாள். வரும்போது அதே ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் முகம் சுளிப்பாள். வீடு வந்து படுத்தால் அன்றைய பொழுது முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் தரைத்தளத்தில் சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. கார்த்திகை கடைசிவரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வீடு போனால்தான் அந்த வீடு.

வாங்குகிறேன் என்று உறுதியாகச் சொன்னவர் ஒரே ஒருவர். திருமானூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சொந்தமாக இரண்டு டிப்பர் லாரி வைத்து, குவாரியிலிருந்து சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். குவாரியை விட்டு லாரி வெளியே வர வேண்டுமென்றால் நடைச்சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுகளில்தான் என் பணிக்காலம் கரைந்தது.

"சார் போட்ட சீட்டுல எத்தன லோடு அடிச்சிருக்கேன் தெரியுங்களா? உங்க வூட்டுப் பேப்பர்ல ஒரு புள்ளி தப்பிருக்காது, அதெல்லாம் நான் பாக்கவே மாட்டேன். இந்த செவுத்த மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க. மழையில வந்து பாத்துக்கறேன்" என்றார்.

மழையில் வந்து பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொல்லாமல் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். நான் கட்டிவைத்த கோப்பு மொத்தமும் அந்த உள்ளங்கைக்கு ஈடாகாது.

மனைவி டயாலிசிஸில் இருக்கும் நேரத்தில் பெரம்பலூர்க் கடைகளில் ஏறி இறங்கினேன். மறுபடியும் டைல் ஒட்டலாம். ராஜஸ்தானிலிருந்து வரும் மெல்லிய கல் பலகை ஒட்டலாம். உடம்பெல்லாம் வேர்க்குரு வந்ததுபோல் ஒரு பூச்சு இருக்கிறது, அதை அடிக்கலாம். மர வரி அச்சிட்ட சிமென்ட் பலகையை முடுக்கலாம். நான்கையும் கட்டம் போட்டு, நிறை குறைகளை எழுதி, மறுவிற்பனைக்கு எது உதவும் என்று கடைசிக் கட்டத்தில் மதிப்பெண்ணும் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, டெண்டரா விடுறீங்க? வாங்குறவருக்கு எது புடிக்குமோ அத ஒட்டிட்டு ஆள விடுங்க."

டைல் என்று முடிவானது. கொத்தனார் வந்து பழைய டைலையும் அதன் பின்னிருந்த பூச்சையும் உடைக்கத் தொடங்கினார். பத்து மணிக்கு உள்ளே குரல் கொடுத்தார்.

"சார், வெளிய வாங்க. உங்க செவுத்துல நத்தை ஏறுது."

நகைச்சுவையை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. போனேன். பூச்சு விழுந்த இடத்தில், அப்பா காலத்துக் கல்கட்டு வெளியே தெரிந்தது. கொத்தனார் ஹோஸைப் பிடித்துத் தண்ணீரை அடித்தார். சாம்பலாக இருந்த கல் ஈரத்தில் தேன் நிறமானது. அதில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சுருள். நடுவில் கடுகளவாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று தடித்து, விளிம்பில் என் கட்டைவிரல் பருமனுக்கு வந்திருந்தது. சுருளின் குறுக்கே வரி வரியாக முகடுகள். அவற்றின் இடைவெளி எங்கும் தவறாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது. அதற்கு இந்தப் பக்கம் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சில கடைசிவரை வாயைத் திறக்காமலே கல்லாகிவிட்டிருந்தன. ஒரு சிப்பியின் முதுகில் ஏதோ புழு தனக்கென்று கட்டிக்கொண்ட சின்னக் குழாய் வளைந்து ஒட்டியிருந்தது. சிப்பி உயிரோடிருந்தபோதே குடிவந்திருக்க வேண்டும்.

மதியம்வரை அங்கேயே நின்றேன். எங்கள் அலுவலகக் கோப்புகளில் முதல் பத்தியிலேயே 'கடற்படிவுச் சுண்ணாம்புக்கல்' என்று வரும். எத்தனையோ முறை அதை எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லில் ஒருநாளும் என் கால் நனைந்ததில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தத் தெரு நீருக்கடியில் இருந்தது என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்துவைத்துக்கொண்டு அந்தச் சுவரின் மறுபக்கத்தில் ஆண்டுதோறும் காலண்டர் மாட்டியிருக்கிறேன். லாரி லாரியாகக் கல்லுக்குக் கையெழுத்துப் போட்டவன், ஒரு கல்லைக்கூடப் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

"எல்லா வூட்லயும் இருக்கா?" என்று கேட்டேன்.

"பழைய வூடு முக்காவாசி இதே கல்லுதான் சார். பூச்சுக்குள்ள இருக்கறத யாரு பாத்தா?"

தெருவைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று வரிசையாக நின்ற வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு கணம் எனக்கு வேறாகத் தெரிந்தது.

கொத்தனார் உளியை எடுத்தார். டைல் ஒட்டுவதானாலும் சிமென்ட் பூசுவதானாலும், பிடிப்புக்காகக் கல்லின் முகத்தை நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும் என்றார். உளி சுருளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் வேலையை நிறுத்தச் சொன்னேன். நாள்கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த பத்து நாட்கள் நான் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. யாருக்குத் தெரிவிப்பது என்று யோசித்தேன். புதையல் கிடைத்தால் யாருக்கு எழுதுவது, சிலை கிடைத்தால் யாருக்கு என்பதெல்லாம் தெரியும். சொந்தச் சுவரில் கடல் கிடைத்தால் எந்தப் படிவம் என்பது தெரியவில்லை. காலையில் சுவரை நனைத்துப் பார்ப்பேன். சாயங்காலம் பூதக்கண்ணாடியோடு நிற்பேன். தினமும் புதிதாக ஏதாவது ஒன்று கிடைக்கும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

லாரிக்காரரை வரவழைத்தேன். சுவரை இப்படியே விட்டு, மேலே நிறமில்லாத பூச்சு மட்டும் அடித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். இந்த மாதிரி முகப்பு வேறு யாருக்கும் கிடைக்காது என்றேன். தண்ணீர் அடித்தும் காட்டினேன்.

குனிந்து, மரியாதையாகப் பார்த்தார்.

"சார், காலையில அஞ்சு மணிக்கு இந்தக் கல்லு மூஞ்சிலதான் முழிக்கிறேன். மத்தியானம் இதத் தின்னுறேன், தும்முனா இதுதான் வருது. வூட்டுக்கு வந்தும் இதையே பாக்கணுமா? எம் பொண்டாட்டி கேப்பா, ஊரே கல்ல வித்து பங்களா கட்டுது, நீ கல்லையே பங்களான்னு வாங்கியாந்தியான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"மூடிக் குடுங்க சார். இல்லேன்னா சொல்லிருங்க, வரதராஜன்பேட்டையில ஒரு வூடு சொல்லிருக்காங்க."

அவர் போனபின் மனைவி வெளியே வந்தாள். அன்று வியாழன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருமணி நேரம்தான் ஆகியிருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். "அத்தன கோடி வருஷம் அதுபாட்டுக்கு இருந்துச்சு. ஒரு பலகைக்குப் பின்னாடியும் இருக்கும். நான் திங்கக்கெழம மறுபடி பஸ் ஏறணுங்க."

மறுநாளே நான்கு கட்டங்களையும் மறுபடி எடுத்தேன். சிமென்ட் பலகைக்குக் கல்லைக் கொத்த வேண்டியதில்லை. கற்களுக்கு இடையிலுள்ள சாந்தில் மட்டும் சில துளைகள் போட்டு, இரும்புச் சட்டம் அடித்து, அதில் பலகையைத் திருகாணியால் முடுக்கலாம். இடையில் காற்றுப் போக வழி இருக்கும். ஈரம் உள்ளே ஏறாது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மறுவிற்பனைக் கட்டத்திலும் அதற்கே இப்போது அதிக மதிப்பெண் போட்டேன். போடும்போதே என் நேர்மையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது.

பலகையை அறுக்கும்போது வெண்தூள் பறந்தது. என் கையில், கொத்தனாரின் மீசையில், வாசல் செம்பருத்தியில் படிந்தது. லேபிளைப் படித்தேன்: சிமென்ட், மணல், நார். எந்த ஊர்ச் சுண்ணாம்பு என்று அது சொல்லவில்லை. எந்த ஊராக இருந்தாலும், அதுவும் ஏதோ ஓர் உயிரின் ஓடாக இருந்திருக்கக்கூடும். கடலை எதைக் கொண்டு மூடலாம் என்று கட்டம் போட்டுத் தேடியிருக்கிறேன். கடைகளில் கிடைத்ததில் முக்கால்வாசியும் கடல்தான். கடைசிப் பலகைக்குத் திருகாணி ஏறும்வரை, மேலெல்லாம் தூளோடு அங்கேயே நின்றேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. லாரிக்காரர் நனைந்துகொண்டே வந்தார். கூடத்துக்குப் போய் சுவரில் உள்ளங்கையை வைத்தார். இடம் மாற்றி இன்னொரு முறை வைத்தார். பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எந்தத் திருகாணியைக் கழற்றினால் பார்க்கலாம் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். சட்டைப்பைக்குள் மடித்து வைத்தார்.

"காஞ்சு கெடக்கு சார். பதிவ என்னிக்கு வெச்சுக்கலாம்?"

கார்த்திகை முடிய ஆறு நாள் இருந்தபோது பெரம்பலூர் வீடு எங்கள் பெயருக்கு வந்தது.

புது வீட்டில் முதல் வியாழன். நான் கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மனைவி விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே நடந்து போனாள். பதினொன்றரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். ஊசி போட்ட கையில் பஞ்சு ஒட்டியிருக்க, மறுகையில் ஒரு கட்டு முருங்கைப்பூவோடு, யாரையும் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். வெயில்கூட இன்னும் உச்சிக்கு வரவில்லை. திருமணமாகி நாற்பது ஆண்டுகளில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை போலிருந்தது.

"என்ன அப்புடிப் பாக்குறீங்க?" என்றாள். "வழிய வுடுங்க, சமைக்கணும்."