மூக்கக்கா எழுதிய வரி

மீனை உறைய வைக்கும் அந்தக் குளிர்பதன ஆலையில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திர அறை ஆபரேட்டர். குளிரூட்டும் அமோனியா வாயு ஒரு துளி வெளியே வந்தாலும் மீட்டர் முள் அசைவதற்கு முன்னால் அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்று பேர். பதினோரு வருஷமாக அந்த மூக்கை வைத்துத்தான் பிழைப்பு.

ஆனால் பதிவேட்டை மூக்கால் எழுத முடியாதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவளோ எட்டாவதோடு நின்றவள். சேர்ந்த முதல் நாள், முன்பு இருந்தவர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அப்படியே எழுதினாள்: ‘நோ கேஸ் ரிலீஸ்ட்’. வாயு எதையும் யாரும் திறந்து விடவில்லை என்று அர்த்தம். அன்று பிடித்த வரிதான். மழையானாலும் காய்ச்சலானாலும் அதே வரி.

பிறகு அவளுக்கு ஆங்கிலத்தின் மேல் ஆசை வந்தது. மருந்து டப்பா, பீப்பாய், இயந்திரத்தோடு வந்த புத்தகம் என்று எதில் கண்டாலும் மகளின் பழைய நோட்டில் குறித்துக்கொள்வாள். நமக்கு ஒரு ‘விடு’ போதும். மூச்சு விடுவோம், புகை விடுவோம், கண்ணீர் விடுவோம், கதையும் விடுவோம். ஆங்கிலத்துக்கு அது போதவில்லை. விளக்கு வெளிச்சத்தை ‘கிவ் அவுட்’ செய்யுமாம். அழுகிய மீன் நாற்றத்தை ‘கிவ் ஆஃப்’ செய்யுமாம். புகைபோக்கி என்றால் ‘எமிட்’. பயந்தவள் போடும் அலறலுக்கு ‘லெட் அவுட்’. ‘ரிலீஸ்’ என்றால் ஒருவர் கை வைத்துத் திறந்து விட்டது. ‘லீக்’ என்றால் யாரையும் கேட்காமல் தானாகப் போவது. இந்தக் கடைசி இரண்டுக்கும் அடியில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

கோடு போட்டாளே தவிர, பதிவேட்டில் வரியை மாற்றவில்லை. பேக்கிங் அறைக்குள் போகும் குழாயின் வளைவில் மூன்று மாதமாக லேசாக வாடை வந்துகொண்டிருந்தது. குழாய் பழுது பார்க்கும் ஃபிட்டரிடம் சொன்னாள். “பார்த்துக்கலாம்க்கா” என்றான். அவள் திரும்பி வந்து வழக்கமான வரியை எழுதினாள். யாரும் திறந்து விடவில்லைதானே, இதில் என்ன பொய் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். நல்ல சமாதானம்!

அன்று காலை பத்து மணிக்கு அந்த வளைவு சீறியது. அவள் பாய்ந்து போய் வால்வை அடைத்துவிட்டு வெளியே ஓடினாள். பேக்கிங் அறைப் பெண்கள் பன்னிரண்டு பேர் இருமிக்கொண்டே முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தவள் அவளுடைய தங்கை. நாலு மாதத்துக்கு முன்னால் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அக்காவே வாங்கிக் கொடுத்த வேலை அது. தங்கையின் மேசை அந்த வளைவுக்கு நேர் கீழே.

ஆலை நர்ஸ் வந்து தங்கையின் கண்ணைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள்.

“பார்வைக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் ரெண்டு நிமிஷம் உள்ள இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது.”

தங்கை ஈரத்துணியைக் கண்ணில் பொத்திக்கொண்டு, “நாளைக்கு லீவு போட்டா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களாக்கா?” என்று கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

“மூணு மணிக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்ஷன் அதிகாரி வர்றாரு. பதிவேட்டுல ‘ரிலீஸ்’னு எழுதிடுங்கம்மா. பிரஷர் ஏறுச்சு, நீங்க வால்வைத் திறந்து விட்டீங்கன்னு இருக்கட்டும். பாதுகாப்புக்காகத்தான் செஞ்சாங்கன்னு நானே சொல்றேன். ‘லீக்’னு எழுதினா இன்னைக்கே சீல் வச்சிடுவாங்க. நாப்பது குடும்பம்மா.”

“அப்ப அந்தக் குழாய் சார்?”

“அடுத்த மாசம் மாத்திடலாம்.”

“நாளைக்கு ஷிப்ட்டு?”

“வழக்கம்போல ஏழு மணிக்கு.” அவர் மேசை மேலிருந்த பேனாவை நகர்த்தினார்.

இயந்திர அறையில் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. ஒரு சொல். பூசி மெழுகிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக் காலை ஏழு மணிக்குத் தங்கை அந்த வளைவுக்குக் கீழே போய் உட்காருவாள். ‘லீக்’ என்று எழுதினால்? எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். மூன்று மாதமும் ஒரே வரி, ஒரே கையெழுத்து. வேலை போகும், அது நிச்சயம். வேறு என்னவெல்லாம் போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இரண்டரை ஆனது. இரண்டே முக்கால் ஆனது. வியர்வை பதிவேட்டில் சொட்டியது.

மூன்று மணிக்கு வந்த அதிகாரி, விசாரிக்க வேண்டும் என்று தங்கையையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டை வாங்கி மெதுவாகப் படித்தார்.

“லீக். மூணு மாசமா.” நிமிர்ந்து பார்த்தார். “அப்ப தினமும் ‘நோ கேஸ் ரிலீஸ்ட்’னு எழுதினது யாரு?”

“நான்தாங்க.”

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி விடவில்லை.

“உங்களை இங்க மூக்குன்னு கூப்பிடுறாங்களாமே. மூணு மாசம் வாடை தெரியலையா?”

“தெரிஞ்சுதுங்க.”

சுவரோரம் நின்ற தங்கை ஈரத்துணியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். சிவந்து வீங்கிய கண்ணால் அவளையே பார்த்தாள்.

“தெரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள். எப்போதும் கூடவே வரும் ‘அக்கா’ அதில் இல்லை.