ஏகாம்பரம் பிளந்த படகு

ஞாயிறு காலை வலை பின்னிக்கொண்டிருந்தேன். மகன் வந்து, "நைனா, ஏகாம்பரம் மாமா பூட்டாரு" என்றான். என் கை நிற்கவில்லை. எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், என் படகைக் கோடரியால் பிளந்தவர் அவர். செத்துவிட்டார் என்பதற்காக அதை மறைத்து எழுத மாட்டேன்.

பக்கத்து ராக்கெட் தளத்தில் ஒப்பந்த வேலை பார்த்து, ஃபைபர் ஒட்டக் கற்றுவந்து, எங்கள் படகுகளைப் பழுதுபார்த்தவர். நான் பள்ளிக்கூடம் போகாமல் நூலகத்தில் படித்தவன். ஒருநாள் டீக்கடையில், திரும்பத் திரும்பப் பறக்கும் அமெரிக்க விண்ணோடங்களைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றையும் நூறு பயணம் தாங்கும்படி வடிவமைத்தார்கள் என்றேன்.

"நூறு போச்சா?" என்றார் ஏகாம்பரம்.

"பாதிகூடப் போகல."

"அப்பறம் இன்னாண்ணே நூறு? அது காயிதத்துல எழுதுன ஆயுசு. ஒவ்வொரு தபா எறங்கும்போதும் இன்னா அடி வாங்குச்சுன்னு பாத்துதான் மறுக்கா ஏத்துவான்."

கடையே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாசித் திருவிழாவுக்குப் படகுகளுக்கு வண்ணம் பூசுவோம். வண்ணம் விரிசலை மூடிவிடும். படகே புதிதாகிவிட்டதாக நாங்களும் நம்பிவிடுவோம். அந்த வருடம் முகத்துவாரத்தில் அலை பலமுறை தூக்கி அடித்த என் படகுக்கு நீலம் பூசினேன். மறுநாள் மகன் கடலுக்குப் புறப்பட்டான். ஏகாம்பரம் வந்து அடிப்பகுதியைக் கத்தியால் சுரண்டினார்.

"இத்த எறக்காதண்ணே."

"பத்து வருஷம் தாங்கும்னுதான் வித்தான். ஏழுதான் ஆச்சு."

"வருசத்த எண்ணாத. வாங்குன அடிய எண்ணு."

"ஏறுடா" என்றேன் மகனிடம். ஏகாம்பரம் கோடரியைத் தூக்கிப் படகின் அடியில் இறக்கினார். மூன்று வெட்டு. சில்லு தெறித்து மகனின் நெற்றி கிழிந்தது. நான் துடுப்பைச் சுழற்றினேன். அவர் தோளெலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மணலில் விழுந்தவர், வாயில் ரத்தத்தோடு கோடரியை இடது கைக்கு மாற்றி நான்காவது வெட்டும் வெட்டினார். நான் உதைத்தேன்.

"அடி, நல்லா அடி. புள்ள கரைல கீறான் பாரு" என்றார்.

நாலு பேர் என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் படகு இன்னும் மூன்று வருடம் ஓடியிருக்கும். இன்றும் சொல்வேன். கடலில் இறங்காத படகு தாங்கியிருக்கும் என்று யாரிடம் நிரூபிப்பது? அந்த வாய்ப்பையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

பாடையை என் மகன்தான் முன்னால் சுமந்தான். கோணலாகக் கூடிய அந்தத் தோளை நான் கடைசியாகப் பார்த்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். சுடுகாட்டுக்குப் போய்வந்த மறுநாள், மகனின் புதுப் படகில் கையகல நீளத்துக்கு விரிசல் கண்டேன். போகாதே என்று தடுத்துவிட்டேன். மீன் வரத்து நன்றாக இருந்த நாள், கத்தினான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.