கொலைகாரன் இருந்த பக்கம்

வாடகை நூலகம் நடத்துகிறவன் எல்லாக் கதையையும் படித்திருப்பான் என்று ஊர் நம்புகிறது. மிட்டாய்க் கடைக்காரன் எல்லா மிட்டாயையும் தின்றிருப்பான் என்று யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் அப்படி ஒரு நூலகம் வைத்திருந்தேன். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வாடகைக்கு விடுவேன். புத்தகம் இரவல் கொடுத்து நொந்துபோனவர்களுக்கு என் பாடு புரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் படம்

ஒரு ஞாயிறு மாலை டிவியில் பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படம் போட்டார்கள். பெரிய வீட்டு முதலாளி செத்துக் கிடக்கிறார். வீட்டிலிருக்கும் ஆறு பேர் மீதும் சந்தேகம். கொலைகாரனைச் சொல்லப்போகிற நேரம் பார்த்து எங்கள் பக்கம் முழுக்க கரண்ட் போய்விட்டது. அந்தப் படம் ஒரு தொடர்கதையிலிருந்து எடுத்தது. அதுவரை யாரும் சீண்டாத அதன் பைண்டு என்னிடம் இருந்தது.

மறுநாள் கடை திறக்குமுன்னே கூட்டம். நானும் கரண்ட் போனவன்தான், கதையையும் படித்ததில்லை. பூட்டுக்கடைக்காரர் ஒருவர் பைண்டைத் தொடக்கூட இல்லை. "புஸ்தகமெல்லாம் வேணாம்ப்பா. கொன்னது யாருன்னு மட்டும் சொல்லு, போறேன்."

பென்சில்

முதலில் எடுத்துப்போனவர் ஒரு டைப்பிஸ்ட். அவர் தெருவில் கரண்ட் போகவில்லை. முழுப் படமும் பார்த்தவர். பத்துப் பக்கம் புரட்டிவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் பென்சிலால் 'கொன்றது டாக்டர்' என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதை அழித்துவிட்டு ரப்பரும் கையுமாகவே போய்க் கேட்டேன். அவர் அசரவே இல்லை. "நாலு பேருக்கு நேரம் மிச்சமாகட்டும்னுதான் சார் எழுதுனேன்."

கல்யாண வீட்டில் போலீஸ்

அதே வாரம், பாலசமுத்திரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த கவிதா ஒரு குடும்பக் கதையின் பைண்டைத் திருப்பித் தந்தார். நடுவில் கதை என்னமோ மாதிரிப் போகிறது என்றார். அந்தக் காலத்து எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். அவர் விடவில்லை. "ஏனுங்க, தாலி கட்டற நேரத்துல போலீசு வந்து வக்கீலைப் புடிச்சுட்டுப் போகுதுங்க. அந்த வக்கீல் யாருங்க?"

கட்டிலில் அந்தோணி

அந்தோணி பூட்டுப் பட்டறையில் சாவி அராவுகிறவர். இரும்புத்தூள் கண்ணில் அடித்து ஆபரேஷன் ஆகி, இரண்டு கண்ணையும் கட்டி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். தலையை அசைத்தால் பார்வை போய்விடலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். மனைவி மேரி அந்த மர்மக்கதை பைண்டை எடுத்துப்போய் தினமும் வாசித்துக் காட்டினார். கதைக்காகவே மனிதர் அசையாமல் கிடந்தார்.

கட்டுப் பிரிக்க இரண்டு நாள் இருக்கும்போது மேரி மூச்சு வாங்க வந்து நின்றார். கடைசித் தாளைக் காணோம். முடிவு தெரியாவிட்டால் எழுந்து நேரே கடைக்கு வந்துவிடுவேன் என்று அந்தோணி அடம்பிடிக்கிறாராம். படத்தில் டாக்டர்தான் கொன்றாராம், அதையே சொல்லிவிடுங்கள் என்றேன். மேரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவரு கண்ணே டாக்டர் கையில இருக்கு. டாக்டருதான் கொலகாரன்னு எப்படிண்ணே சொல்லுவேன்?"

தாளின் மறுபக்கம்

அவர் போனபிறகுதான் கவிதாவின் வக்கீல் ஞாபகம் வந்தது. இரண்டு தொடரும் ஒரே இதழில் வந்தவை. ஒரே தாளில் இந்தப் பக்கம் தாலி, அந்தப் பக்கம் கைது. கிழித்துப் பிரித்தபோது தாளைக் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டேன். குடும்பக் கதையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குள் மேரி தானாகவே ஒரு முடிவைச் சொல்லி, அந்தோணியைத் தூங்க வைத்திருந்தார்.

சில வாரம் கழித்து அந்தோணியே கடைக்கு வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது, ஆனால் பார்வை இருந்தது. குடும்பக் கதை பைண்டில் அந்தத் தாளைப் பிரித்து முன்னால் வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக அவர் வாசித்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முடித்துவிட்டு பைண்டை மூடி என் பக்கம் தள்ளினார். "இது வேணாம் சார். அந்த மொதலாளி சாகவே இல்ல, மயங்கித்தான் கெடந்தாருன்னு மேரி சொல்லுச்சு. அதுவே இருக்கட்டும்."

படத்தில் டாக்டர், கதையில் வக்கீல், மேரியிடம் கொலையே இல்லை. ஆகமொத்தம் அந்த வழக்கில் குற்றம் நிரூபணமான ஒரே ஆள் தாளைக் கிழித்த நான்தான்.