கோணிக்குள் போன பூனை

2009இல் மஞ்சக்குப்பத்துப் பிராணிகள் காப்பகத்திலிருந்து, நன்கு வளர்ந்த பூனை ஒன்றைத் தத்தெடுத்தேன். பிறாண்டாது, சீறாது, மடியில் போட்டால் அப்படியே கிடக்கும்.

சிதம்பரத்திலிருந்து என் கணவர் போனில் சொன்னார்: "கோணியில கட்டி எடுத்துக்கினு வா. வழி தெரிஞ்சா திரும்பிப் போயிடும்."

எங்கள் பக்கத்தில் பூனையைக் கொண்டுவருவது அப்படித்தான். தொலைத்துவிட்டு வருவதும் அப்படித்தான்.

கோணியை விரித்தேன். பூனை தானாகவே உள்ளே போய்த் தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டது.

"எவ்ளோ சமத்து பாருங்க" என்று காப்பகத்துப் பெண்ணிடம் பெருமைப்பட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்க வந்ததும் கோணியிலதான். கேட்டுக்கு வெளிய போட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கோணியின் வாயைக் கட்டினேன். சிதம்பரம் வரை அது ஒருமுறைகூடக் கத்தவில்லை.