கோல்வா கப்பலின் விதவை

கோமதியம்மாளைத் தாராவியில் 'கப்பக்காரம்மா' என்றால்தான் தெரியும். காரைக்கால்காரி. புருஷன் சிவனாண்டி, பிரெஞ்சுக்காரனின் 'கோல்வா' என்ற போர்க்கப்பலில் கரி அள்ளப் போனான். ஒரே அச்சில் கட்டிய மூன்று கப்பல்களில் ஒன்று அது. முதல் உலகப் போருக்கு வந்தபோதே கிழடு தட்டியிருந்தது. நீர்மூழ்கி ஒன்று அடித்து அதை மூழ்கடித்தது. சேதி ஊருக்கு வந்தது, ஆள் வரவில்லை. மாமியார் வீட்டார் அதற்குமேல் விசாரிப்பார்களா? நிலத்தில் ஒரு பங்கு மிச்சமாயிற்றே! தர்ப்பையில் ஆள் செய்து கொளுத்திவிட்டு, கைக்குழந்தைக்காரியின் தாலியை அறுத்தார்கள்.

குழந்தை தங்கமயிலைத் தூக்கிக்கொண்டு பம்பாய் வந்தாள். முறுக்குச் சுட்டு மாட்டுங்கா கடைகளுக்குப் போட்டே மகளை ஆளாக்கினாள். அந்த மகளின் கல்யாணத்தில்கூட மணவறைப் பக்கம் அவளை யாரும் கூப்பிடவில்லை.

1962-ல் பேத்திக்குக் கல்யாணம் குதிர்ந்தது. அப்போது முறுக்கு வாங்க வந்த காசிம் என்ற காரைக்கால் கிழவர், சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த கப்பல் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அரே, இது கோல்வா மாதிரியில்ல இருக்கு! நான் கரி அள்ளுன கப்பலு. இதுக்கு ஏம்மா மாலை?"

"எங்க வீட்டுக்காரரு அதோட போயிட்டாருங்க."

புருஷன் பேரை அவள் சொல்ல மாட்டாள். தங்கமயில்தான் சொன்னாள்.

"சிவனாண்டியா? நாலு பேரு போக, மத்த எல்லாரையும் காப்பாத்திட்டாங்களே! நானும் அவனும் ஒரே படகுலதான் தப்பிச்சோம். பிரான்சுல, தூலோன்ல, வெள்ளைக்காரப் பொண்டாட்டி புள்ளையோட இருக்கான். போன வருசம் எம்மவன் பாத்துட்டு வந்தானே" என்றவர், அவர்கள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கிழவர் போனபின் கோமதியம்மாள் புருஷனை வாய் ஓயும்வரை திட்டினாள். அப்புறம்தான் உறைத்தது: அந்தப் பாவி உயிரோடு இருந்தால் அவள் சுமங்கலி. கிழவிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"தங்கம், கல்யாணத்துல ஆரத்தி நான்தாண்டி எடுப்பேன். தாதர்ல போயி ஒரு முழம் மல்லிப்பூ வாங்கியா."

தங்கமயில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"சம்பந்தி வீட்டுல என்னன்னு சொல்றது? அப்பா வெள்ளைக்காரியோட குடும்பம் நடத்துறாருன்னா? சண்டையில செத்தாருங்கறதுலதாம்மா நம்ம மானம், இஜ்ஜத் எல்லாமே இருக்கு. இத்தனை வருசம் இருந்துட்டே. இனிமேயும் இப்படியே இருந்துரும்மா."

அன்று மாமியார் தாலியை அறுத்தபோது ஊரே கேட்க அலறியவள்தான். மகளை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"சரிடி. கதவைத் திற, புழுங்குது" என்றாள்.