சொல்லாமல் வைத்திருந்த வலி

பதினேழு வயதில் எலும்புப் புற்றுநோய் வந்தது. என் இடது தொடையெலும்பின் கீழ்ப்பாதியையும் முட்டியையும் எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது ஆட்டம் கண்டு, மறுபடி திறந்து மாற்றினார்கள். அப்போதே டாக்டர் சொல்லிவிட்டார்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்த எலும்பு கொஞ்சம் குறையும், அது தீர்ந்தால் காலையே எடுக்க வேண்டிவரும். அன்றிலிருந்து அந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. எக்ஸ்ரேயைக் கொஞ்சம் அதிகமாக உற்றுப் பார்த்தால் பயம். சிரித்தால் அதைவிடப் பயம். இப்போது எதற்குச் சிரிக்கிறார்?

இந்த வருடம் காளிகாட் மெட்ரோ படியில் இறங்கும்போதெல்லாம் தொடைக்குள் ஒரு குத்தல். "போன வாரத்துலேருந்துதான், லேசா" என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

வங்காளிகளுக்கு நடுவே, லேக் மார்க்கெட் பக்கமே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டாக்ஸிக்காரரோ கடைக்காரரோ, யாரைப் பற்றியும் அவர் எதிரிலேயே தமிழில் பேசிக்கொள்வோம். டாக்டரிடம் பேச்செல்லாம் வங்காளியில்தான். அதனால் அவர் முன்னாலும் அப்படித்தான்.

வருடாந்திரப் பரிசோதனைக்குப் போன அன்றைக்கு அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டு சொன்னாள்: "வலிக்கறதுன்னு வாயைத் திறந்துடாதேடி. கத்தியைத் தீட்டிண்டு காத்துண்டிருக்கான்."

"முழியைப் பாரேன், என்னமோ மறைக்கறான்" என்றேன்.

அவர் திரும்பாமலே தமிழில் கேட்டார். "எங்க வலிக்குதும்மா?"

வேலூரில் படித்தாராம், வார்டில் நோயாளிகளிடம் கற்ற தமிழாம். இத்தனை வருடமாக அவருடைய வழுக்கையைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சா! மானம் கப்பலேறியது. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"வலியெல்லாம் இல்லை" என்றேன், அப்போதும்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "பொய் சொல்றா டாக்டர். துர்கா பூஜைக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. படி இறங்கறச்சே சுவரைப் பிடிச்சுக்கறா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுண்டிருக்கா."

டாக்டர் எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டைக் காட்டினார். உலோகத் தண்டு எலும்பைவிட்டு விலகத் தொடங்கிய இடம். சீக்கிரம் செய்தால் இன்னொரு தடவை மாற்றலாம். தள்ளிப்போட்டால் தண்டைப் பிடித்து நிறுத்த எலும்பு இருக்காது.

"காலை எடுத்துடுவேளா?" இத்தனை வருடத்தில் அதை நான் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"இப்ப இல்லம்மா" என்றார்.

அந்த 'இப்ப'வை நான் நம்பவில்லை. அம்மாவும் நம்பவில்லை, என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கையை அவளிடமிருந்து விடுவித்துக்கொண்டு, வலிக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.