பரீட்சை முடிந்து அடித்த டூட்டி ஆர்டர்

2007 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, தாவரவியல் பேராசிரியை ஜெசிந்தா மேடம் கடலூர் கோர்ட் சம்மனை என் மேசைமேல் வைத்தார். நான் அப்போது சிதம்பரத்தில், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உறுப்புக் கல்லூரியில் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட்.

ஏப்ரல் பரீட்சையில் பிட் அடித்த மாணவனை மேடம் பிடித்து ரிப்போர்ட் எழுதியிருந்தார். அவனுக்கு இரண்டு செமஸ்டர் தடை. மகன் மானம் போய்விட்டதென்று அவன் அப்பா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். கல்லூரி மேல் இல்லை, மேடம் ஒருவர் மேல் மட்டும்.

முதல்வர் சம்மனைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க பேருலதான வந்திருக்குது மேடம்? வக்கீல நீங்களே பாத்துக்குங்க."

மேடம் சம்மனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கல்லூரி வேலையைச் செய்யப்போய் மாட்டிக்கொண்டவரை இப்படிக் கைகழுவலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இனிமேல் பிட்டைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம் என்று மற்ற ஆசிரியர்கள் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தார்கள்.

சட்டம் இருந்தது, தாள் இல்லை

பல்கலைக்கழகச் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நல்லெண்ணத்தோடு பணியைச் செய்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அதைக் காட்டி நோட் போட்டதும் முதல்வர் இறங்கி வந்தார். பல்கலைக்கழக வக்கீலே வழக்கை எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

"செக்‌ஷன் நல்லாதான் இருக்குது சார். அன்னைக்கி அவுங்க டூட்டிலதான் இருந்தாங்கன்னு காட்டணுமே. டூட்டி ஆர்டர் எங்க?"

ஆர்டர் இருந்தது, மே மாதத் தேதியோடு. எங்கள் வழக்கம் அப்படி. பரீட்சைக் காலையில் முதல்வர் ஸ்டாஃப் ரூமில் வந்து, நீங்கள் மூன்றாம் ஹால், நீங்கள் ஐந்தாம் ஹால் என்று வாயால் சொல்லிவிடுவார். பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு, ஆடிட்டுக்காக நான் மொத்தமாக டைப் அடிப்பேன். பல வருஷமாக யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"ஏப்ரல் தேதி போட்டு ஒண்ணு அடிச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் முதல்வர்.

மிஷினில் தாளைச் சொருகி ஏப்ரல் என்று அடித்தும்விட்டேன். அதற்குமேல் கை வரவில்லை. இது பொய்யென்று தெரிந்தால் மேடத்தின் ரிப்போர்ட்டும் பொய்யாகிவிடும், அப்புறம் நல்லெண்ணம் என்று எந்த வாயால் சொல்வது? தாளை உருவிக் கிழித்துப்போட்டேன்.

கூண்டில் நான்

விடைத்தாள் கட்டு வாங்கும்போது ஹாலுக்குப் போகிறவர்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் பக்கத்தில் மூன்றாம் ஹாலுக்கு நேராக மேடத்தின் கையெழுத்து, 9.40 என்று நேரத்தோடு இருந்தது. அந்த ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னை விடவில்லை.

"அப்ப ஆர்டர் இல்லாமத்தான் அந்தம்மா ஹாலுக்குள்ள போனாங்களா?"

மேடம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர வாயால சொன்னாங்க ஐயா. எழுத்துல அன்னைக்கே குடுக்காதது என் தப்பு. அவுங்க தப்பு இல்ல."

ரிஜிஸ்டரை நீதிபதி இரண்டு தடவை பார்த்தார். மேடம் பணியில்தான் இருந்தார் என்று ஏற்று, சில மாதம் கழித்து வழக்கைத் தள்ளுபடி செய்தார். கோர்ட்டில் நான் ஒப்புக்கொண்ட தப்புக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அது நியாயம்தான். சட்டம் மேடத்துக்குப் பாதுகாப்பு கொடுத்திருந்தது. அது அவர் கைக்குப் போய்ச் சேராமல் இருந்தது என் சோம்பலால்.

அடுத்த பரீட்சையன்று மேடம்தான் முதல் ஆளாக என் மேசை முன்னால் நின்றார்.

"ஆர்டர் குடுங்க சார். கையில வச்சிக்கிட்டுத்தான் உள்ள போவேன்."

அன்றைய தேதியோடு கொடுத்தேன். படித்துப் பார்த்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்கு ஒரு பிட்டோடும் ரிப்போர்ட்டோடும் திரும்பி வந்தார்.